இரட்டைக் குரல், பஸ்ஸில் மட்டும்

என் பிரியத்துக்குரிய பரீதாக்கா,

முதலில் ரிசல்ட்டைச் சொல்லிவிடுகிறேன். ஆள் கிடைத்துவிட்டார்.

"நல்ல ரிசல்ட்டா இருந்தா மொதல்ல அதைச் சொல்லிடு ரேணு. பாவம், மூச்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க" என்று லேபில் எனக்குச் சொல்லிக்கொண்டே இருப்பீர்கள். அதனால்தான் நலம் விசாரிப்பதற்கு முன்பே இதை எழுதுகிறேன். 'பாட்டு மூணு' பாடியவர் கிடைத்துவிட்டார். அவரோடு நின்று டீ குடித்தேன். அவர் எதிரிலேயே அழுதேன், சிரித்தேன், பிறகு எது அழுகை எது சிரிப்பு என்று தெரியாமல் மூக்கைச் சிந்தினேன். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் "அடி கிறுக்கி" என்று முதுகில் ஒன்று வைத்திருப்பீர்கள்.

இந்தக் கடிதத்தை இன்னும் பலர் படிக்கப்போகிறார்கள். அவர்களுக்காக உங்களுக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். நடுவில் உங்களைப் பற்றிப் பெருமையாக நாலு வார்த்தை வரும், அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்டோன்மெண்டில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் பதினோரு வருடம் நாம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நீங்கள் சீனியர். கைக்குழந்தையின் கையில்கூட ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவீர்கள். எனக்கு எப்போதும் இரண்டு குத்து. உங்கள் வீடு பாலக்கரை, என் வீடு ஸ்ரீரங்கம். வேலை முடிந்தால் ஒரே பஸ், நீங்கள் சீக்கிரம் இறங்கிவிடுவீர்கள், நான் காவிரியைத் தாண்டிப் போக வேண்டும். முதல் சில வருடங்கள் நமக்குள் அவ்வளவுதான்.

ஒருநாள் ரத்தம் சுழற்றும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது நீங்கள் என்னவோ முணுமுணுத்தீர்கள். நான் கேட்டே இராத மெட்டு. எந்தப் படம் என்று கேட்டேன். நீங்கள் என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

"படம் இல்லாம பாட்டே கிடையாதா? சினிமாப் பாட்டு நம்மளைத் தேடி வரும் ரேணு. டீக்கடைக்கு வரும், மண்டபத்துக்கு வரும், ரிங்டோனா வரும். நாம தேடிப் போனாத்தான் கிடைக்கும்னு ஒரு ஜாதிப் பாட்டு இருக்கு. அதுக்குக் கொஞ்சம் கால் வலிக்கணும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. யார் வேண்டுமானாலும் தன் வீட்டில் பாடிப் பதிந்து ஏற்றிவைக்கலாம் என்று ஒரு தளம். அதில் லட்சம் பேர் கேட்ட பாட்டையெல்லாம் ஒதுக்கிவிட்டு, இருபது பேர் முப்பது பேர் கேட்ட பாட்டுகளாகப் பார்த்துத் தோண்டுவீர்கள். நரம்பு தேடுகிற அதே விரல்தானே. ஷார்ஜாவில் ஒரு தங்குமிடத்தில் தண்ணீர்க் கேனில் கரண்டியால் தட்டிப் பாடினவரைக் கண்டுபிடித்தீர்கள். துவாக்குடிப் பக்கம் நான்கு காலேஜ் பையன்கள், நாகஸ்வரத்தையும் காது கிழிகிற கிடாரையும் சேர்த்துக் கட்டிய பாட்டு. புதுக்கோட்டையிலிருந்து ஒரு நர்ஸ், பின்னால் ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருக்க, தாலாட்டைத் திட்டுவதுபோலப் பாடியிருந்தார். அதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் நமக்கு வேலையே ஓடவில்லை.

வெள்ளிக்கிழமைதான் நம் நாள். அன்றைக்கு உங்கள் வீட்டுக்காரர் பிரியாணி போடுவார், ராத்திரிக்கும் மிச்சம் இருக்கும், உங்களுக்கு அடுப்படி வேலை இல்லை. அதனால் பாலக்கரையில் இறங்காமல் என்னோடு ஸ்ரீரங்கம்வரை வருவீர்கள். வந்து, இறங்காமல், அதே பஸ்ஸில் திரும்பிப் போவீர்கள். பாட்டுக் கேட்பதற்காகவே ஒரு மனுஷி ஆற்றைத் தாண்டி வந்து மறுபடி ஆற்றைத் தாண்டிப் போவது என்பது திருச்சியில் வேறு யாரும் செய்யாத காரியம் என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு ஜன்னலோரம், இடதுபக்க இயர்போன். எனக்கு வலதுபக்கம். சில பாட்டில் உங்கள் பக்கம் குரலும் என் பக்கம் வெறும் மேளமுமாக வரும். நீங்கள் உருகிக்கொண்டிருப்பீர்கள், நான் "என்னக்கா இது, ஆசாரி வேலை செய்யற மாதிரி இருக்கு" என்பேன். இடத்தை மாற்றி இன்னொரு முறை கேட்போம்.

அப்புறம் அந்தப் பஞ்சு. அது தனியார் டவுன் பஸ். ஏறியது முதல் இறங்கும்வரை ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு அலறும். ஒரு காதில் இயர்போன் இருந்தாலும் மறு காது திறந்துதானே கிடக்கும்? அதற்கு லேபிலிருந்து ஆளுக்கு ஒரு உருண்டை பஞ்சு. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த உடனே நீங்கள் முக்காட்டை லேசாக விலக்கிப் பஞ்சை வைப்பீர்கள், நான் ஜடையை ஒதுக்கிவிட்டு வைப்பேன். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிற டாக்டர்கள் மாதிரி அவ்வளவு சிரத்தை. நமக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது அக்கா. ஊரே கேட்பதை நாம் கேட்பதில்லை என்கிற கர்வம்.

இன்னொரு கிறுக்கும் உண்டு. லேபில் ஃபோன் நம்பர் தப்பாக அச்சாகி, ரிப்போர்ட் படிவம் ஒரு கட்டு குப்பைக்குப் போக இருந்தது. அதை நீங்கள் காப்பாற்றினீர்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு ரிப்போர்ட். நோயாளி பெயர் இருக்கும் இடத்தில் பாட்டின் பெயர். குரல்: நார்மல். தாளம்: சற்று அதிகம். சோகம்: எல்லைக்குள். கீழே இரண்டு கையெழுத்து, சோதித்தவர் ஒருவர், சரிபார்த்தவர் ஒருவர். இருவரும் போட்டால்தான் பாட்டு நம் ஃபைலுக்குள் போகும். ஒருவர் போட்டு மற்றவர் போடாவிட்டால் அது ரிப்போர்ட்டே இல்லை, வெறும் காகிதம். இது உங்கள் சட்டம்.

இப்போது 'பாட்டு மூணு'க்கு வருகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சாயங்காலம் அதைக் கொண்டுவந்தீர்கள். பாடினவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு எண்கள் மட்டும். பாட்டுகளுக்கும் பெயர் கிடையாது, ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான். ஒரு ஆண் குரல், தொண்டையை முழுதாகத் திறக்காத குரல், பக்கத்து அறையில் யாரோ தூங்குகிற மாதிரி பாடினார். பின்னால் 'டிக் டக், டிக் டக்' என்று ஒரு தாளம், அதற்கும் அடியில் பூமியிலிருந்து வருவதுபோல ஒரு உறுமல். வேறு எதுவும் இல்லை.

"தண்ணி வந்தா சொல்லியனுப்பு,
பாலத்து மேலதான் இருப்பேன்.
வராட்டி சொல்ல வேணாம்,
மணலைப் பாத்துக்கிட்டே போயிடுவேன்."

மாம்பழச்சாலை ஸ்டாப் வந்ததும் இயர்போனைக் கழற்றினீர்கள். "மாஷா அல்லாஹ்" என்று மட்டும் சொன்னீர்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், பஸ் ஓடத்துறை தாண்டிக் காவிரிப் பாலத்தில் ஏறுகிற நேரம் பார்த்து, அந்தப் பாட்டைப் போடுவீர்கள். பாலத்துப் பாட்டைப் பாலத்தில்தான் கேட்க வேண்டும் என்பது உங்கள் கட்சி. இது நம்ம ஆறு, நம்ம பாலம், ஆள் இங்கேதான் எங்கேயோ இருக்கிறான் என்பதும் உங்கள் கட்சி. நான் ஒத்துக்கொள்ளவே இல்லை.

"போங்கக்கா. திருச்சியில யாரு இப்படிப் பாடப்போறாங்க? இது வேலூர் ஆளு. பாலாத்து மணலைத்தான் சொல்றாரு. அந்த டிக் டக் என்னன்னு நெனைக்கிறீங்க? ஜெர்மனியில செய்யற ஒரு கருவி, நான் படிச்சிருக்கேன்."

எங்கே படித்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நல்லவேளை.

அப்புறம் அந்த மழைக்கால வெள்ளிக்கிழமை. பாலத்தின் நடுவில் என் கையைப் பிடித்து அழுத்தினீர்கள். "ரேணு, பாட்டு ரெண்டு தடவை கேக்குது. ஒரு குரலுக்குப் பின்னாடி இன்னொரு குரல். எதிரொலி மாதிரி." எனக்கு அப்படி ஒன்றும் கேட்கவில்லை. இயர்போனை மாற்றிப் போட்டோம், அதற்குள் பாலம் முடிந்துவிட்டது. மறுநாள் லேபில் மெஷின் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கேட்டோம். எதிரொலி இல்லை. ஆனாலும் நீங்கள் ரிப்போர்ட்டில் குறிப்பு என்ற இடத்தில் உங்கள் மணி மணியான கையெழுத்தில் எழுதினீர்கள்: 'இரட்டைக் குரல், பஸ்ஸில் மட்டும்.' எழுதி, கடைசி இரண்டு வார்த்தைக்குக் கீழே கோடு இழுத்து, சோதித்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, என்னிடம் நீட்டினீர்கள்.

நான் போடவில்லை. இல்லாததை இருப்பதாக எழுதின ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது பாவம் என்று உங்களிடமே கற்றதை உங்களுக்கே திருப்பிச் சொன்னேன். நீங்கள் கோபப்படவில்லை. படிவத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டீர்கள். வாரா வாரம் எடுத்து நீட்டுவீர்கள், நான் வாரா வாரம் தலையாட்டுவேன். நமக்கு அது ஒரு விளையாட்டு.

பிறகு உங்கள் கண் மஞ்சளாயிற்று. அந்த ரத்தத்தை நான்தான் எடுத்தேன். "இங்க இருக்கு பாரு" என்று நரம்பை நீங்களே தொட்டுக் காட்டினீர்கள். ஒரே குத்தில் கிடைத்தது. ரிசல்ட்டை நான் முதலில் சொல்லவில்லை, கடைசியிலும் சொல்லவில்லை, நீங்களே என் முகத்திலிருந்து படித்துக்கொண்டீர்கள்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த அன்று, தலையணைக்கு அடியிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்தீர்கள். மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது. "இப்பவாவது போடேன்டி" என்றீர்கள்.

"தப்பான ரிப்போர்ட்ல நான் போட மாட்டேன்கா" என்றேன். எப்போதும் சொல்வதுபோல, சிரிப்புக்காகத்தான் சொன்னேன்.

நீங்களும் சிரித்தீர்கள். "சரி, இதை நீயே வெச்சுக்க. அந்த ஆளைக் கண்டுபிடிச்சு, பாலக்கரையில ஒருத்தி கேட்டான்னு சொல்லு. எதிரொலி உண்டா இல்லையான்னு கேளு. அப்புறமா கையெழுத்துப் போடு."

அதற்கப்புறம் எட்டு மாதம். நான் ஒரு புதுப் பாட்டுகூடக் கேட்கவில்லை. கேட்டால் யாரிடம் நீட்டுவது? இயர்போனை மேசை டிராயரில் போட்டுவிட்டேன், வெள்ளிக்கிழமை பஸ்ஸையும் விட்டேன். ஸ்கூட்டி வாங்கி ஓட்டக் கற்றுக்கொண்டேன், சிரிக்காதீர்கள். படிவம் மட்டும் கைப்பையிலேயே கிடந்தது. அன்றைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று, தினம் கைப்பையைத் திறக்கும்போதெல்லாம் என்னையே திட்டிக்கொள்வேன்.

ஊர்ச் செய்தியும் சொல்ல வேண்டும். வெளியூர் பஸ் ஸ்டாண்ட் பஞ்சப்பூருக்குப் போய்விட்டது. காவிரியில் நம் பாலத்துக்குப் பக்கத்திலேயே புதுப் பாலத்துக்குத் தூண் எழுப்பியிருக்கிறார்கள். லேபில் உங்கள் நாற்காலிக்கு வந்திருக்கும் பெண்ணுக்கு மூன்று குத்து. எனக்குப் பரவாயில்லை என்று ஒரு அற்ப சந்தோஷம்.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை ஸ்கூட்டி சர்வீசுக்குப் போயிருந்தது. வேறு வழியில்லாமல் அதே ஆறு மணி பஸ்ஸில் ஏறினேன். நம் இடம் காலியாக இருந்தது. ஜன்னலோரம் உட்கார மனசு வரவில்லை, என் இடத்திலேயே உட்கார்ந்தேன். இயர்போன் இல்லை, பஞ்சும் இல்லை. சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டிலிருந்து சத்திரம்வரை சினிமாப் பாட்டு என் இரண்டு காதிலும் புகுந்து புறப்பட்டது. உங்களை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பஸ் பாலத்தில் ஏறியது. சினிமாப் பாட்டு நின்றது. டிக் டக், டிக் டக்.

என் ஃபோன் தானாகப் பாடுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். கைப்பையைக் கவிழ்த்து எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். அது பேசாமல் இருந்தது. "தண்ணி வந்தா சொல்லியனுப்பு" என்று குரல் மேலேயிருந்து வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். உங்கள் ஜன்னலுக்கு நேர் மேலே, கம்பியில் கட்டிவைத்த ஸ்பீக்கர்.

எழுந்து நின்றுவிட்டேன் அக்கா. கண்டக்டர் தம்பி கூட்டத்தில் நுழைந்து வந்தார்.

"என்னக்கா, மாம்பழச்சாலையா? இன்னும் வரல, உக்காருங்க."

"இந்தப் பாட்டு... யாரு போட்டது இந்தப் பாட்டை?"

"புடிக்கலையாக்கா? நிறைய பேர் அப்படித்தான் சொல்றாங்க. அண்ணே! பாட்டை மாத்துங்கண்ணே, இங்க ஒரு அக்கா சத்தம் போடறாங்க!"

டிரைவர் உடனே மாற்றிவிட்டார். ஒரு குத்துப் பாட்டு கிளம்பியது. "ஐயோ மாத்தாதீங்க! அதையே போடுங்க! அதையே போடுங்க!" என்று நான் கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பதினோரு வருடம் சத்தமே போடாமல் போய் வந்த பஸ். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

ஸ்ரீரங்கத்தில் எல்லாரும் இறங்கும்வரை காத்திருந்தேன். டிரைவருக்கு நாற்பது வயதிருக்கும், உறையூர்க்காரர், பெயர் தவமணி. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

"நீங்க பஞ்சு அக்காதானே? இன்னொரு பஞ்சு அக்கா எங்க, ரொம்ப நாளாக் காணோம்?"

நான் சொன்னேன். அவர் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். பிறகு, "வாங்கக்கா, டீ சாப்பிடலாம்" என்றார்.

டீக்கடையில் வைத்து அந்தப் பாட்டு யாருடையது என்று கேட்டேன். "நாந்தாங்க்கா" என்றார், குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி. நம்பவில்லை. பாடினவர் பெயர் நான்கு எண்கள் ஆயிற்றே என்றேன். அவர் பஸ்ஸின் முன்பக்கத்தைக் காட்டினார். நம்பர் பலகை. அந்த நான்கு எண்களும், அதே வரிசையில். அந்த எண்ணை வைத்துக்கொண்டு பின்கோடா, பிறந்த நாளா, ரகசியக் குறியா என்று நான் எவ்வளவு ஆராய்ச்சி செய்திருப்பேன்! அது நம்மை வாரா வாரம் சுமந்துகொண்டு போயிருக்கிறது.

"அப்ப அந்த டிக் டக்?"

"இண்டிகேட்டருக்கா. காலையில மொத ட்ரிப்புக்கு முன்னாடி ஷெட்டுல வண்டியை ஓட விட்டு, இண்டிகேட்டரைப் போட்டுட்டு, ஃபோனை முன்னாடி வெச்சுப் பாடுவேன். வீட்டுல இடம் பத்தாது."

ஜெர்மனிக் கருவி அக்கா! அதன் வயிற்றுக்குள்ளேயே உட்கார்ந்து, காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, நாம் அதைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறோம்.

ஆனால் தவமணிக்கு நம் மேல் ஒரு வருத்தம் இருந்தது. அதை அவர் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

"முதலாளி சினிமாப் பாட்டுதான் போடணும்பாரு. பாலத்துல மட்டும் நடுவுல என்னோடதை நைசா விட்டுடுவேன். சனங்க ஆத்தைப் பாத்துக்கிட்டு இருப்பாங்க, யாரும் திட்ட மாட்டாங்க. ஆனா நீங்க ரெண்டு பேரும் ஏறின உடனே காதுல பஞ்சு வெச்சுக்குவீங்களா, எனக்கு ஒரு மாதிரி ஆயிடும். நம்ம பாட்டு அவ்வளவு மோசமாவா இருக்குன்னு. அந்த அக்கா வேற இறங்காம திரும்பவும் வருவாங்க. புடிக்காதவங்க எதுக்கு ரெண்டு தடவை வர்றாங்கன்னு எனக்கும் கண்டக்டருக்கும் புரியவே இல்ல."

கைப்பையில்தான் ஃபோன் இருந்ததே. எடுத்து அந்தத் தளத்தைத் திறந்து, பாட்டு மூணைக் காட்டினேன். நம் காதில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று சொன்னேன். நீங்கள் சொல்லச் சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னேன்: பாலக்கரையில் ஒருத்தி கேட்டாள்.

தவமணி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"வெள்ளிக்கிழமை... அது நீங்களாக்கா?"

எனக்குப் புரியவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். அந்தப் பாட்டை எத்தனை முறை கேட்டிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை வாரம் முழுக்க அசையாமல் இருக்குமாம். வெள்ளிக்கிழமை ட்ரிப் முடிந்து பார்த்தால் சரியாக இரண்டு ஏறியிருக்குமாம். "சவுதியில யாரோ நம்ம ஊர்க்காரருன்னு நெனச்சேன்கா. வெள்ளிக்கிழமைதானே அங்க லீவு விடுவாங்க. அவருக்காகத்தான் நாலு, அஞ்சு, ஆறுன்னு பாடி ஏத்தினேன். எட்டு மாசமா எண்ணிக்கை ஏறல. ஊருக்குத் திரும்பிட்டாரு போல, இல்ல சலிச்சுப் போச்சு போலன்னு, நானும் விட்டுட்டேன். பழசை மட்டும் பழக்கதோஷத்துல பாலத்துல போட்டுக்கிட்டு இருக்கேன்."

இரண்டு என்றாரே, அது என்னை இடித்தது. நாம் போகும்போது சேர்ந்து கேட்பது ஒருமுறைதான். இன்னொன்று?

அப்புறம்தான் உறைத்தது. திரும்பிப் போகும்போது, தனியாக, இரண்டு இயர்போனையும் நீங்களே மாட்டிக்கொண்டு. என்னிடம் சொல்லவே இல்லையே அக்கா? அவ்வளவு பிடித்திருந்ததா? இல்லை, அந்த எதிரொலி மறுபடி வருகிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தீர்களா? அந்த மழைக்கால வெள்ளிக்கிழமை உங்கள் காதிலிருந்து பஞ்சு விழுந்திருக்க வேண்டும். இயர்போனில் ஒரு குரல், தலைக்கு மேல் ஸ்பீக்கரில் அதே குரல், ஒரு வார்த்தை பின்தங்கி. இரண்டு பேரும் பாலம் ஏறுவதைப் பார்த்து ஒரே பாட்டைப் போட்டிருக்கிறீர்கள், அவர் டிரைவர் சீட்டில், நீங்கள் பின் சீட்டில். 'பஸ்ஸில் மட்டும்' என்பதற்குக் கீழே கோடு போட்டிருந்தீர்களே, உங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டதா? பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டுப் பார்க்க நம் இருவருக்கும் ஏன் தோன்றவில்லை?

நான் லேப்காரி, என்ன இருந்தாலும் சாம்பிள் பார்க்காமல் நம்ப மாட்டேன். பாடிக் காட்டச் சொன்னேன். தவமணி கூச்சப்பட்டார், கண்டக்டர்தான் தள்ளிக்கொண்டுபோய் டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார். வண்டியை ஓட விட்டார், இண்டிகேட்டரைப் போட்டார். ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, ஏறிக்கொண்டிருந்த சனங்களுக்கு முதுகைக் காட்டியபடி, தொண்டையைப் பாதி மட்டும் திறந்து பாடினார். பூக்கூடையோடு ஏறிய அம்மா படியிலேயே நின்றுவிட்டார். பின்னாலிருந்தவர்கள் தள்ளவில்லை.

நான் வீட்டுக்குப் போகவில்லை. அதே பஸ்ஸில், உங்கள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, நீங்கள் போவதுபோலத் திரும்பிப் போனேன். பாலம் வந்தது. ஆற்றில் அன்று இரு கரை தொட்டுத் தண்ணீர். தவமணி பாட்டைப் போட்டார். நான் என் ஃபோனிலும் அதே பாட்டைப் போட்டு, ஒரு காதில் மட்டும் வைத்தேன், மறு காதை ஸ்பீக்கருக்கு விட்டேன். வந்தது அக்கா. ஒரு குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல், ஒரு வார்த்தை பின்தங்கி. துல்லியமான ரிப்போர்ட். நீங்கள் ஒருநாளும் தப்பாக எழுதியதில்லை, நான்தான் காதை அடைத்துக்கொண்டு சரிபார்த்தேன்.

படிவத்தை மடியில் விரித்து, மடிப்புகளைத் தடவிவிட்டு, சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பஸ் குலுங்கியதில் கோணலாகிவிட்டது. என் பெயரைப் படிக்கவே முடியாது. ஆனால் இரண்டு கையெழுத்தும் இருக்கிறது. பாட்டு மூணு இனி நம் ஃபைலில்.

அன்றைக்குப் பாலக்கரையில் இறங்கி உங்கள் வீட்டுக்கும் போனேன். உங்கள் வீட்டுக்காரர் பிரியாணி மிச்சம் இருக்கிறதென்று தட்டை வைத்தார். நடந்ததைச் சொன்னேன். "அவ பாட்டுக் கேக்கத்தான் போனாளா? நான் அம்மா மண்டபப் படித்துறைல பஜ்ஜி திங்கப் போறான்னு நெனச்சேன்" என்றார். இருவரும் வெகுநேரம் சிரித்தோம். அந்த வீட்டில் எட்டு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பாம்.

தவமணி மறுபடி பாட ஆரம்பித்துவிட்டார். பாட்டு ஏழு வந்துவிட்டது, வைப்பரின் சத்தம்தான் அதில் தாளம். ரிப்போர்ட் வேண்டும் என்று என்னை நச்சரிக்கிறார். எழுதினேன்: குரல் நார்மல், தாளம் நார்மல், கூச்சம் மிக அதிகம், ஆறு மாதம் கழித்து மீண்டும் பரிசோதிக்கவும். அதைத் தன் கண்ணாடிக்குப் பக்கத்தில் சாமி படத்தோடு ஒட்டிவைத்திருக்கிறார். அந்தப் படிவத்தில் சரிபார்த்தவர் இடம் காலியாகவே இருக்கிறது. உங்கள் நாற்காலியில் இருக்கும் மூன்று குத்துப் பெண் நேற்று என்னிடம் வந்து, "அக்கா, அந்தப் பஸ்ல ஏதோ பாட்டு வருதாமே, நானும் வரட்டுமா?" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று பிகு பண்ணியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு போவேன். ஜன்னலோரத்தையும் கொடுப்பேன்.

ஒரு சத்தியம் அக்கா. இத்தனை வருடமாகப் பாட்டைத் தேடிப் போவது என்றால் ஊரின் சத்தத்தை அடைத்துவிட்டுப் போவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இனி இந்த ஊரில் எந்தப் பஸ்ஸில் ஏறினாலும், எந்தக் கடை வாசலில் நின்றாலும், என் காதில் பஞ்சு இருக்காது. ஒரு காதை நீங்கள் கொண்டுவரும் பாட்டுக்கு வைத்திருப்பேன். மறு காதைத் திறந்தே வைத்திருப்பேன். வெள்ளிக்கிழமை எண்ணிக்கை இரண்டு ஏற வேண்டும், அதையும் பார்த்துக்கொள்கிறேன். போகும்போது ஒன்று என்னுடையது. திரும்பும்போது ஒன்று உங்களுடையது.

உங்களோடு கூடப் பிறக்காத தங்கை,
உங்கள் வலதுபக்க இயர்போன்,
ரேணுகா
ஸ்ரீரங்கம்